பதினாறு பக்கப் பொங்கல்

அந்தப் புத்தகம் மொத்தம் பதினாறு பக்கம். பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே இரண்டு வரி. ஓர் அப்பா, ஓர் அம்மா, ஒரு பெண் குழந்தை, மூவரும் பொங்கலின் நான்கு நாட்களை எப்படிக் கழிக்கிறார்கள் என்பதுதான் கதை. வரிகளை எழுதியவர் வேறொருவர். படங்கள் நான் போட்டவை.

பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் நான் பகுதிநேர ஓவிய ஆசிரியை. வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. மிச்ச நேரத்தில் சென்னையில் இருக்கும் ஒரு சிறிய பதிப்பகத்துக்குப் படம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். குடும்பம், லீவு, பண்டிகை என்று வரிசையாகக் குழந்தைகளுக்கான படப் புத்தகங்களை அவர்கள் போட்டுவந்த நேரம் அது.

பொங்கலுக்கு முன்னால் பெருநாள் புத்தகம் ஒன்று செய்தோம். பார்க்காததை வரைய எனக்கு வராது. கூட வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் மூலமாக லெப்பைக்குடிக்காட்டில் ஒரு வீட்டுக்குப் போய், நோன்புப் பெருநாள் அன்று காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்து நோட்டில் வரைந்துகொண்டு வந்தேன். அந்த வீட்டுக் குழந்தைக்கு ஐந்து வயது. அவளுடைய அத்தா துபாயில் இருந்தார். தொழுகை முடிந்ததும் போனில் வந்தார். சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவில் ஒரு சொம்பில் போனைச் சாய்த்து வைத்து, அவரையும் சேர்த்துக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். அதை அப்படியே வரைந்து அனுப்பினேன்.

பதிப்பகத்தில் இந்தப் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டவர் என்னைவிட வயதில் சின்னவர். எதையும் தன்மையாகச் சொல்வார்.

"படம் அழகா இருக்கு மேடம். ஆனா பண்டிகை அன்னிக்கு அப்பா போன்ல இருந்தா படிக்கிற குழந்தைக்கு ஒரு மாதிரி இருக்கும். நேர்ல உக்கார வெச்சிடலாமா?"

உட்கார வைத்தேன். வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் குழந்தைக்கு ஊட்ட ஒரு கவளம். புத்தகம் வந்ததும் அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். குழந்தை அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் அம்மாவிடம், "அத்தா எப்ப வந்தாங்க?" என்று கேட்டாள். அம்மா சிரித்துச் சமாளித்தார். நானும் சிரித்தேன். பெரம்பலூர் பஸ் ஏறும்வரை அது உறுத்தியது. பிறகு மறந்துவிட்டேன்.

அடுத்ததாகப் பொங்கல் புத்தகம் வந்தபோது எந்த வீட்டுக்குப் போவது என்று யோசிக்கவே தேவை இருக்கவில்லை. நான் தனியாக இருப்பவள். என் தம்பி அரியலூரில் குடும்பத்தோடு இருந்தான். எங்கள் அம்மாவும் அவனோடுதான். ஐடிஐ படித்துவிட்டுச் சிமென்ட் ஆலை ஒன்றில் ஃபிட்டராகச் சேர்ந்து நிரந்தரமானவன். டவுனுக்கு வெளியே மனை வாங்கிச் சொந்தமாக வீடு கட்டியிருந்தான். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் ரோடு பக்கத்தில் இருந்ததால், காலையில் காயப்போடும் துணி சாயங்காலம் எடுக்கும்போது வெளுத்த சாம்பல் நிறத்தில் இருக்கும். குடிக்க மாட்டான். பீடி, சிகரெட் கிடையாது. சத்தம் போட்டுப் பேசவே மாட்டான். உறவில் யாராவது தங்கள் பையனைத் திட்டும்போது என் தம்பியைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

அவன் மனைவி உடையார்பாளையத்துப் பெண். அவள் அப்பாவுக்கு அங்கே கொஞ்சம் முந்திரிக்காடு இருந்தது. பன்னிரண்டாவது முடித்திருந்தாள். நன்றாகப் பாடுவாள் என்று கல்யாணத்தின்போது சொன்னார்கள். நான் கேட்டதில்லை. அவர்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு.

போகிக்கு முதல்நாள் நோட்டும் பென்சில்களுமாகப் போய் இறங்கினேன். "வாங்க அண்ணி" என்று பையை வாங்கிக்கொண்டாள். தை பிறக்கும் முன்பே வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அவள் முழங்கைக்குக் கீழே இறங்கும் கை வைத்த ரவிக்கை போட்டிருந்தாள். அது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை.

பொங்கல் அன்று வாசலில் மூன்று கல் கூட்டி, பானையில் மஞ்சள் கொத்துக் கட்டி, அவள் அடுப்பு மூட்டினாள். தம்பி கரும்பை வெட்டிக்கொண்டிருந்தான். நான் எதிரே பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தேன். விறகு சரியாகப் பிடிக்கவில்லை. புகைந்தது. அவள் குனிந்து ஊதினாள். எழுந்தாள். மறுபடி குனிந்தாள்.

"வெறகு ஈரம்" என்றான் தம்பி, கரும்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "எடுத்து உள்ள வையின்னு நேத்தே சொன்னேன்ல."

அவ்வளவுதான் சொன்னான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கை அப்படியே நின்றுவிட்டது. தன் அம்மாவின் பக்கத்தில் நின்றிருந்த குழந்தை ஒரு அடி பின்னால் போய் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். நான் அதைத்தான் அப்போது வரைந்துகொண்டிருந்தேன். குழந்தையின் விரல்கள் துணியை எப்படிச் சுருக்கிப் பிடித்திருந்தன என்பது என் நோட்டில் இன்றும் இருக்கிறது.

பால் பொங்கிற்று. நாங்கள் பொங்கலோ பொங்கல் சொன்னோம். படையல் முடிந்தது. பிறகு அவள் பாத்திரம் எடுக்க உள்ளே போனாள். தம்பி கையைக் கழுவிவிட்டு உள்ளே போனான். அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

கூடத்தில் நானும் அம்மாவும் குழந்தையும் இருந்தோம். டிவியில் ஏதோ பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மழை வந்தால் ஜன்னலைச் சாத்துவது போலத்தான் அதைச் செய்தாள். குழந்தை தன் கலர் பென்சில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து என்னை ஒட்டி உட்கார்ந்தாள். நான் கரும்புத் தோகையை வரைந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு கோடாக, நிதானமாக வரைந்தேன். எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று சொல்ல முடியாது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து எல்லாருக்கும் இலை போட்டாள். எனக்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்கக் கையை நீட்டியபோது ரவிக்கைக் கை மேலே ஏறியது. நான்கு விரல் தடம். சில தடங்கள் பழையவை, மஞ்சளாகியிருந்தன. நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.

"இன்னங் கொஞ்சம் வெக்கட்டுமா அண்ணி?"

"போதும்மா" என்றேன்.

நான்கு நாட்களும் தங்கினேன். காணும் பொங்கலுக்குக் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்குப் போய்ப் புல்தரையில் புளிச்சோறு சாப்பிட்டோம். தம்பி மகளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு பெரிய நந்தியைச் சுற்றி வந்தான். அவள் அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் அவள் பயந்ததாகத் தெரியவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். அதுதான் எனக்குக் குழப்பமாக இருந்தது, அல்லது குழப்பமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் வண்ணம் தீட்டினேன். அவளுக்குக் கை நீளமான பச்சை ரவிக்கை போட்டேன். தடம் இருந்த இடத்துக்குக் கீழே இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் அடுக்கினேன். புகைக்கு வந்த கண்ணீரைத் துடைத்தேன். படங்களை அனுப்பிய பத்தாவது நாள் போன் வந்தது.

"எல்லாம் பிரமாதம் மேடம். ஒன்பதாம் பக்கம் மட்டும் ஒரு சின்ன திருத்தம். அப்பா கரும்பு வெட்டுறாரு, நான் பக்கத்துல நிக்கிறேன்னு வரி இருக்கு. நம்ம படத்துல பாப்பா தள்ளி அம்மாவுக்குப் பின்னாடி நிக்குது. மூஞ்சியும் ஒரு மாதிரி இருக்கு. அப்பா பக்கத்துல கொண்டு வந்துடலாமா?"

"அவ அங்கதான் நின்னா" என்றேன்.

"அது சரிங்க. ஆனா இது குழந்தைங்க புத்தகம் இல்லையா?"

குழந்தையை அப்பாவின் முழங்கால் பக்கத்தில் நிறுத்தினேன். அவன் கரும்புத் துண்டை நீட்டுகிறான், அவள் இரண்டு கையாலும் வாங்குகிறாள், பின்னால் அம்மா பானைக்கு மேலே சிரிக்கிறாள். அந்தப் படத்தைத்தான் அட்டைக்கும் எடுத்தார்கள்.

புத்தகம் வந்ததும் ஐந்து பிரதிகளை அரியலூருக்கு எடுத்துப் போனேன். தம்பி ஒன்றை ஆலைக்குக் கொண்டுபோய்க் காட்டினான். அம்மா ஒன்றைப் பிளாஸ்டிக் கவரோடு பீரோவில் வைத்தாள். குழந்தையின் வகுப்பில் டீச்சர் அதை எல்லாருக்கும் காட்டி, இது நம் வகுப்புப் பாப்பாதான் என்று கைதட்டச் சொன்னாராம். நான் கொண்டுபோன அன்றைக்கு அவள் என் மடியில் புத்தகத்தை விரித்து வைத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். ஒன்பதாம் பக்கத்தில் நின்றாள். விரலால் அம்மாவின் முகத்தைத் தொட்டாள்.

"இதுல அம்மா ஏன் அத்தை சிரிக்கிறாங்க?"

"பொங்கல்னா எல்லாரும் சிரிப்பாங்கடா."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அதைத் திறந்து நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் ஆடி மாதம் தம்பி மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு உடையார்பாளையத்துக்குப் போய்விட்டாள். ஆடிக்கு அழைத்துப் போவதாக நினைத்து முதலில் யாரும் கவலைப்படவில்லை. மாதம் முடிந்தும் வரவில்லை. இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதாக அவள் அப்பாவே போன் செய்தார். பேசித் தீர்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். தம்பி, அம்மா, எங்கள் அப்பாவின் அண்ணனான பெரியப்பா, நான்.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். மோர் கொடுத்தார்கள். அவள் உள்கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் அப்பா மெதுவாகத்தான் ஆரம்பித்தார்.

"புள்ள ஒடம்பெல்லாம் தடமா இருக்குங்க. நான் பெத்தவன், என்னால பாக்க முடியல."

தம்பி தலையைக் குனிந்துகொண்டிருந்தான். பெரியப்பா அவனைப் பார்த்து, "ஏன்டா, கை வெச்சியா?" என்றார்.

"எப்பயாவது கோவத்துல ஒண்ணு ரெண்டு பெரிப்பா. யாரு வூட்டுலதான் இல்ல. அதுக்குப் புள்ளயத் தூக்கிட்டு வந்துடுறதா?"

அப்போது அம்மா தன் பையைத் திறந்தாள். அந்தப் புத்தகத்தை அவள் கொண்டுவந்திருப்பது எனக்குத் தெரியாது. பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்துப் பெரியப்பாவிடம் நீட்டினாள்.

"இத பாருங்க மாமா. இவங்க எப்புடி இருந்தாங்கன்னு இதுல இருக்கு. கூடப் பொறந்தவ நாலு நாளு கூடவே இருந்து பாத்து வரைஞ்சது. ஸ்கூல்லயெல்லாம் வெச்சிருக்காங்க. கொடுமப்படுத்துற வூட்டுல ஒருத்தி இப்புடிச் சிரிப்பாளா?"

பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். பதினாறு பக்கத்தையும் பார்த்து முடித்துவிட்டு, அட்டையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"படிச்ச புள்ள நீ. நீயே சொல்லும்மா. நீ இருந்தப்ப இப்புடித்தான் இருந்தாங்களா?"

அந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். தம்பியின் கழுத்து தெரிந்தது. சின்ன வயதில் அவனுக்கு நான் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது பின்னால் ஓடிக்கொண்டே பார்த்த அதே கழுத்து. அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொன்னால், நான் வரைந்தது பொய் என்று ஆகிவிடும். அந்த நேரத்தில் அதுவும் ஒரு காரணமாக இருந்தது. இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

"பொங்கலப்ப நல்லாத்தான் இருந்தாங்க பெரியப்பா."

கதவுப் பக்கம் நின்றவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. எதிர்பார்த்தது நடந்த மாதிரி ஒரு பார்வை. பிறகு உள்ளே போய்த் துணிகளை எடுத்து வைக்கத் தொடங்கினாள். அவள் அப்பா புத்தகத்தைப் பெரியப்பாவிடமிருந்து வாங்கிக் கவருக்குள் போட்டு, அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் அதைத் திறந்து பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லாரும் அரியலூர் திரும்பிவிட்டோம்.

அதற்குப் பிறகு நான் அங்கே போவதைக் குறைத்துக்கொண்டேன். பள்ளியில் வேலை இருக்கிறது என்று சொன்னேன். ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவள் போனிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது குழந்தை.

"அத்தை, அம்மாவுக்குக் காதுலேந்து ரத்தம் வருது. நிக்க மாட்டேங்குது."

"அப்பா எங்கடா?"

"டூட்டிக்குப் போயிட்டாங்க."

"அப்பத்தா?"

"படுத்துக்கிட்டு இருக்காங்க. நான் உங்களுக்குப் போன் அடிச்சத சொல்லாதீங்க."

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு ஒரு மணி நேரப் பயணம். அன்றைக்கு ரோடு முழுக்கச் சேறும் லாரியுமாக ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. போய்ச் சேர்ந்தபோது அவள் சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு துண்டை மடித்து இடது காதில் அழுத்திப் பிடித்திருந்தாள். குழந்தை பள்ளிச் சீருடையில் பக்கத்தில் இருந்தாள். அம்மா கூடத்துக் கட்டிலிலிருந்து எழுந்து, "சின்ன விசயம். எண்ண காச்சி ஊத்துனா சரியாப் போயிடும். நீ எங்க கௌம்பி வந்த?" என்றாள். நான் ஆட்டோ கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் காது பார்க்கும் டாக்டர் இளம்பெண். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சவ்வு நல்லாக் கிழிஞ்சிருக்கு. எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேங்க" என்றாள் அவள்.

டாக்டர் அவள் கன்னத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீங்க யாரு?"

"இவ வீட்டுக்காரரோட அக்கா."

"நீங்க பாத்தீங்களா, விழுந்தத?"

"நான் பாக்கல. விழல. என் தம்பி அடிச்சிருக்கான். முன்னாடியும் அடிச்சிருக்கான். அது எனக்குத் தெரியும்."

டாக்டர் எழுதிக்கொண்டார். ஆஸ்பத்திரிப் போலீஸ்காரர் ஒருவர் வந்து இன்னொரு முறை கேட்டு எழுதிக்கொண்டார். இந்த முறை அவளும் சொன்னாள். தேதி, கிழமை, எதனால், எதைக் கொண்டு என்று வரிசையாகச் சொன்னாள். அவர் எழுதும் வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஏழு வருஷத்தையும் மனதுக்குள் வைத்திருந்தாள் போல. குழந்தை பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். அவளை வெளியே கூட்டிப் போக வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

வெளியே மருந்து வாங்கும் இடத்தில் வரிசையில் நின்றபோது அவள் வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"அன்னிக்கு எங்கப்பா வூட்டுல இத சொல்லிருந்தீங்கன்னா இந்தக் காது இருந்திருக்கும் அண்ணி."

திட்டுவது போலச் சொல்லவில்லை. விவரம் சொல்வது போலச் சொன்னாள். வரிசை நகர்ந்தது, நாங்களும் நகர்ந்தோம்.

அவளுடைய அப்பா வந்து இருவரையும் கூட்டிப் போனார். அன்று மாலை நான் தம்பி வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். தம்பி வந்திருந்தான். சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அம்மாதான் பேசினாள்.

"தம்பிய போலீஸ்ல காட்டிக் குடுத்தவ எனக்குப் பொண்ணு இல்ல. இனிமே இந்த வூட்டுக்கு வராத."

என் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தேன். நான்கு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு நான் அம்மாவைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, சிறுவாச்சூர் கோயிலில், கூட்டத்தில். அவள் என்னைக் கடந்து போனாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன அந்த வாரமே பதிப்பகத்துக்குப் போன் செய்தேன். பொங்கல் புத்தகத்தை இனி அச்சடிக்க வேண்டாம் என்றேன்.

"ஏங்க மேடம்? நல்லாப் போற புத்தகம் அதுதான். மறுபடியும் அச்சுக்கு அனுப்பிட்டோம். படத்துல ஏதாவது தப்பு இருக்கா?"

என்ன தப்பு என்று நான் சொல்வது. பச்சை ரவிக்கை தப்பு என்றா. "எல்லாமே தப்பும்மா" என்றேன். அவர் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். அவர்களுக்கு நான் வரைந்தது அதுதான் கடைசி.

என் பள்ளி நூலக அலமாரியிலும் இரண்டு பிரதிகள் வந்திருந்தன. ஒருநாள் இரண்டையும் என் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் வந்து, "பொங்கல் புக்கு எங்க டீச்சர்?" என்று கேட்டார்கள். அவர்களில் ஒருத்திக்கு அப்பா இல்லை. அவளுக்கு அந்த ஒன்பதாம் பக்கம்தான் பிடிக்குமாம். திருப்பி வைத்துவிட்டேன். சரியா தவறா என்று தெரியவில்லை. அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி மனைவிக்குக் காதில் ஆபரேஷன் செய்தும் கேட்கும் சக்தி திரும்பவில்லை. முந்திரி உடைக்கும் கொட்டகையில் வேலைக்குப் போகிறாள். முந்திரி ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். வழக்கு இரண்டு வருஷம் நடந்து, கடைசியில் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தார்கள். மகள் அவளிடம்.

வருஷத்துக்கு மூன்று நான்கு முறை நான் உடையார்பாளையம் போகிறேன். வாங்க என்று அவள் கூப்பிட்டதில்லை, வராதீங்க என்றும் சொன்னதில்லை. டீ போட்டுக் கொடுப்பாள். மகள் என்னோடு அதிகம் பேசுவதில்லை. இப்போது ஆறாம் வகுப்பு. போன முறை போயிருந்தபோது அறிவியல் நோட்டில் செம்பருத்திப் பூவின் படம் வரைய வேண்டியிருந்தது. அம்மா சொன்னதால் நோட்டை என்னிடம் கொண்டுவந்தாள். வேலியில் இருந்து ஒரு பூவைப் பறித்து வந்து பாயில் வைத்தாள். அதில் ஒரு இதழைப் புழு அரித்திருந்தது.

"வேற நல்ல பூவா எடுத்துட்டு வரியா?" என்றேன்.

"வேணாம். இதையே பாத்து அப்படியே வரைங்க" என்றாள்.

வரைந்தேன். ஓட்டையையும் வரைந்தேன். அவள் பூவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

இந்த வருஷம் வைகாசியில் தெரியாத எண்ணிலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் வயதானவர், தயங்கித் தயங்கிப் பேசினார். தன் மகளுக்கு என் தம்பியைப் பார்த்திருப்பதாகவும், மகளுக்கும் இது இரண்டாம் கல்யாணம்தான் என்றும் சொன்னார். யாரிடமோ என் எண்ணை வாங்கியிருக்கிறார்.

"டீச்சரா இருக்கீங்கன்னு சொன்னாங்க. அதான் உங்ககிட்டயே கேட்டுடலாம்னு. தம்பி எப்புடிங்கம்மா?"

"அடிப்பான்" என்றேன். "முதல் சம்சாரத்துக்கு ஒரு காது போச்சு. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். குடுக்காதீங்க."

எதிர்ப்பக்கம் எங்கோ பின்னால் ஒரு பஸ் ஹாரன் கேட்டது.

"குடிப்பழக்கம் ஏதும் இருக்குங்களா?"

"இல்ல. ஆனா நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுங்கம்மா. வேல நிரந்தரம்தானே?"

"ஆமா."

"சரிங்கம்மா. வெச்சிடுறேன்."

மறுநாள் அதே எண்ணுக்கு நானே இரண்டு முறை அழைத்தேன். எடுக்கவில்லை. ஆவணியில் கல்யாணம் நடந்துவிட்டதாகப் பெரியப்பா வீட்டிலிருந்து தெரிந்தது. எனக்குப் பத்திரிகை வரவில்லை. அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டேன், சொன்னார்கள். டெய்லரிங் தெரியுமாம். முதல் புருஷன் ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனானாம். ஒருவழியாக அவளுக்கும் ஒரு வீடு அமைந்தது என்று அவள் ஊரில் எல்லாருக்கும் நிம்மதியாம்.